நிறைகோலும் நிலமும்

ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கு வாழ்நாளில் பல நாற்காலிகள் வாய்க்கின்றன. வகுப்பறையில் ஒரு நாற்காலி. அதில் நாம் உட்காரும் நேரம் குறைவு. ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நாற்காலி; அதில் ஓய்வு குறைவு. சிலருக்குத் தலைமையாசிரியர் அறையில் ஒரு நாற்காலி. அதில் உறக்கம் குறைவு. இவையன்றி, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ நமக்குக் கிடைக்கும் மற்றொரு நாற்காலியும் உண்டு. மேடைக்கு எதிரே, வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால், மதிப்பெண் தாளும் பேனாவும் ஒரு புட்டி நீரும் வைத்து நம்மை அமர்த்துவார்கள். அதுவே நடுவர் நாற்காலி. அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், அந்த நாற்காலியில் ஒருமுறை தவறு செய்தவன் என்ற உரிமை மட்டும் இருக்கிறது.

பாசிர் கூடாங் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் ஊர். கடற்கரையோரம் எண்ணெய்க் கொள்கலன்கள் வரிசையாய் நிற்கும். ஜொகூர் நீரிணையில் இரவும் பகலும் கப்பல்கள் விளக்கெரியக் காத்திருக்கும். சுற்றியிருந்த தோட்டங்களை விட்டு வந்த நம் மக்கள் இங்கே அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளே நம் தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகள். இத்தகைய ஊரில் வாழும் ஒரு தமிழாசிரியனுக்குப் பியானோ என்னும் மேலைநாட்டு இசைக்கருவியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவை உண்டாக்கியவள் என் மகள்.

அவள் ஊரில் ஓர் இசை வகுப்பில் சில ஆண்டுகள் பியானோ பயின்றாள். சிறுவயதில் நான் கண்ட ஒரே கட்டைக் கருவி, தோட்டத்துக் கோவிலின் பசனைக் குழுவில் இருந்த ஆர்மோனியப் பெட்டிதான். பியானோ அதன் பெரியண்ணன் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை மகள்தான் விளக்கினாள். ஆர்மோனியத்தில் காற்று ஒலிக்கிறது. பியானோவிலோ ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஒரு சிறு சுத்தியலை எழுப்பிக் கம்பியை அடிக்கிறது. கட்டைகள் மொத்தம் 88. வெள்ளை 52, கறுப்பு 36. அடித்த ஒலி அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு நம் வீணையைப்போல் வழுக்கிச் செல்லவும் முடியாது. அடித்தால் ஒலித்து, ஒலித்தவுடன் தேயும் கருவியைப் பாடவைக்க வேண்டும். அதுவே பியானோக் கலைஞனின் கடமை என்று அவள் கூறினாள். மொழியாசிரியனாகிய எனக்கு அது புரிந்தது. அச்சடித்த எழுத்துகளைக் குழந்தையின் வாயில் பாடவைப்பதுதானே நம் கடமையும்!

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், இசைமேதை ஷோப்பான் பெயரால் ஒரு பியானோப் போட்டி நடைபெறுகிறது. 1810-இல் பிறந்து 1849-இல் மறைந்த அந்த மேதையின் படைப்புகளை மட்டுமே அங்கு வாசிக்க வேண்டும். 1927-இல் தொடங்கிய அப்போட்டி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. 2020-இல் நடந்திருக்க வேண்டிய போட்டி, பெருந்தொற்றின் காரணமாக ஓராண்டு தள்ளி, 2021 அக்டோபரில் நடந்தது. அப்போது நாங்களும் வீட்டுக்குள் அடைபட்டுப் பழகியிருந்த காலம். வார்சாவில் மாலையென்றால் இங்கே நள்ளிரவு. மகள் கணினியின் முன் விழித்திருந்து போட்டியைப் பார்த்தாள். அவளுக்குத் துணையாக நானும் விழித்திருந்தேன். முதலில் உறக்கம் வந்தது. பின்பு உறக்கம் போயிற்று. இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து, அமர்ந்து, கைகளை ஒரு கணம் மடியில் வைத்திருந்து, பின்பு வாசிக்கத் தொடங்குவார்கள். அந்த ஒரு கணத்தை நான் அறிவேன். திருக்குறள் மனனப் போட்டியில் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும் நம் பிள்ளைகளின் முகத்தில் அதே கணத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

புரூஸ் லியூ என்னும் கனடா நாட்டு இளைஞர் முதற்பரிசு பெற்றார். அவருடைய ஆசிரியர் நடுவர் குழுவிலேயே இருந்தார். இதை மகள் சொன்னதும், “அப்படியானால் அது என்ன போட்டி?” என்று சினந்தேன். அவள் சிரித்தபடி, அதற்கு முந்தைய 2015-ஆம் ஆண்டுப் போட்டியின் மதிப்பெண் பட்டியலைத் திரையில் காட்டினாள். எந்த நடுவர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைப் போட்டி முடிந்தபின் உலகம் காண வெளியிட்டிருந்தார்கள். நீண்ட அட்டவணை அது. எண்களுக்கு நடுவே சில கட்டங்களில் மட்டும் எண் இல்லை. ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து இருந்தது.

“அது என்ன எழுத்து?” என்றேன்.

“இவர் என் மாணவர் என்று அதற்குப் பொருளப்பா. தன் மாணவருக்கு நடுவர் மதிப்பெண் போடக்கூடாது. அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் இந்த எழுத்தைப் போட்டுவிடுவார்கள்” என்றாள்.

அன்றிரவு அவள் உறங்கப் போன பிறகும் நான் அந்தத் திரையை மூடவில்லை. அந்த ஓர் எழுத்து என்னை இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

1998-ஆம் ஆண்டு. நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். வட்டாரப் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். இளம் ஆசிரியனுக்கு அது பெருமை. சலவை செய்த சட்டை அணிந்து போனேன். மூன்று நடுவர்கள். ஒருவர் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த அம்மையார். மற்றவர் என்னைப்போல் இளைஞர். ஐந்தாவதாக மேடையேறியவன் என் பழைய பள்ளியின் மாணவன். அவன் வாயைத் திறந்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அவன் பேசியது, மாற்றலுக்கு முன் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்த உரை! என் அடுக்குமொழிகள், என் உவமைகள், கையை எங்கே உயர்த்த வேண்டும் என்று நான் கற்றுக்கொடுத்த அதே இடங்கள். அவன் பிழையின்றி முடித்தான். நான் அவனுக்கு என் தாளில் மிக உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்த மதிப்பெண்ணை அவனுக்குப் போட்டேனா, எனக்குப் போட்டுக்கொண்டேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அவனுக்குப் பின் ஒரு தோட்டப் பள்ளிச் சிறுமி வந்தாள். தலைப்பு ‘என் அன்னை’ என்று நினைவு. அவள் கையை உயர்த்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. விடியுமுன் தாய் பால்மரத்துக்குப் போவதையும், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மரங்களுக்கிடையே அசைந்து அசைந்து தொலைவதைத் தான் வாசலில் நின்று பார்ப்பதையும் சொன்னாள். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டாள். தேடினாள். கிடைக்கவில்லை. வீட்டில் வழங்கும் பேச்சுச் சொல்லையே சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். மண்டபம் அமைதியாய் இருந்தது. நான் ‘மொழிநடை’ என்ற கட்டத்திலும் ‘சரளம்’ என்ற கட்டத்திலும் மதிப்பெண்களைக் குறைத்தேன்.

கூட்டிப் பார்த்தபோது இரண்டு மதிப்பெண் வேறுபாட்டில் என் பழைய மாணவன் முதலிடம் பெற்றான். அம்மையார் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்து, “ஐயா, மற்றப் பிள்ளைகள் ஒப்புவித்தார்கள்; அந்தப் பிள்ளைதானே பேசியது?” என்றார்.

“விதி விதிதானே அம்மா” என்று நான் சொன்னேன்.

அவன் பேசியது நான் எழுதிய உரை என்பதை அவரிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நிற்க. தன் மாணவர்களுக்கு எதிரே ‘எஸ்’ என்ற எழுத்தை ஏற்றுக்கொண்ட அந்தப் பியானோப் பேராசிரியரைப் பற்றி அறிய ஆவல் கொண்டேன். அவர் பெயர் டாங் தாய் சோன். மேலைநாட்டவர் அல்லர், நம் அண்டை நாடாகிய வியட்நாமைச் சேர்ந்தவர். ‘சோன்’ என்பதற்கு அம்மொழியில் மலை என்று பொருள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

1958-இல் ஹனோய் நகரில் பிறந்தவர் அவர். தந்தை டாங் டின் ஹங் ஒரு கவிஞர். எழுத்துரிமை வேண்டியவர்களோடு நின்றதால் ஆட்சியாளர்களின் சினத்துக்கு ஆளானவர். அன்னையின் பெயர் தாய் தி லியன். ‘தாய்’ என்பது அங்கே குடும்பப் பெயர். நம் செவிக்கோ அது வேறொன்றாய் ஒலிக்கிறது. அவர் பிராகு நகரில் பியானோ பயின்று நாடு திரும்பி, ஹனோயில் இசைப்பள்ளியை உருவாக்கியவர்களுள் ஒருவர். மகனுக்கு முதல் ஆசிரியையும் அவரே.

சிறுவன் சோன் கட்டைகளைத் தொட்டுப் பழகிய காலம் போர்க்காலம். ஹனோய்மீது குண்டுகள் விழுந்தன. இசைப்பள்ளியை நகரிலிருந்து பெயர்த்துச் சிற்றூர்ப்புறத்துக்குக் கொண்டுசென்றார்கள். பியானோவை எருமை பூட்டிய வண்டியில் ஏற்றிச் சென்றதாக அவர் வரலாற்றில் படிக்கிறோம். கருவிகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆகவே முறைவைத்து, ஆளுக்குச் சிறிது நேரமே வாசிக்கக் கிடைத்தது. ஓசை நயத்தைப் பற்றிக் கற்க வேண்டிய வயதில் அந்தப் பிள்ளைகள் விமான ஓசையைத் தொலைவிலேயே கண்டறியக் கற்றார்கள்.

இதைப் படித்தபோது நம் ஊரை நினைத்தேன். போரின் துயரோடு நம் துயரை ஒப்பிடுவது முறையன்று. ஆயினும், 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு பாசிர் கூடாங்கின் காற்றையே நஞ்சாக்கி, வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடச் செய்தபோது, பள்ளி என்பது கட்டடமன்று என்பதை நாங்களும் ஓரளவு அறிந்தோம். அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து மீண்டும் மூடியது. கதவு மூடிய நாளிலும் பாடம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால், அங்கே பள்ளி இருக்கிறது. அந்தச் சிற்றூர்ப்புறத்தில் அந்த ஒருவராகத் தாய் தி லியன் இருந்தார்.

1970-இல் வார்சாப் போட்டிக்கு விருந்தினராகச் செல்லும் வாய்ப்பு அந்த அன்னைக்குக் கிட்டியது. திரும்பும்போது அவர் ஷோப்பானின் இசைக்குறிப்பு நூல்களையும் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார். அவற்றுள் அர்ஜென்டினா நாட்டுப் பெண்மணி மார்த்தா ஆர்கெரிச் வாசித்ததும் இருந்தது. 1965-ஆம் ஆண்டுப் போட்டியில் முதற்பரிசு வென்றவர் அவர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைக் கேட்டான். அந்தப் பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1974-இல் ஹனோய்க்கு வந்திருந்த ஐசக் காட்ஸ் என்னும் இரஷ்ய ஆசிரியர் அவனுடைய திறனைக் கண்டுகொண்டார். போர் முடிந்தபின், 1977-இல், மாஸ்கோ இசைக் கல்லூரிக்குப் போய் விளாடிமிர் நத்தான்சன் என்பவரிடம் பயின்றான் அவன். அங்கிருந்து 1980 அக்டோபரில் வார்சாவுக்குப் போட்டியிடச் சென்றபோது வயது இருபத்திரண்டு. இறுதிச் சுற்றில் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். அதற்குமுன் அவர் எந்த இசைக்குழுவோடும் வாசித்ததே இல்லை. ஆயினும் முதற்பரிசு அவருக்கே. அப்போட்டியில் முதலிடம் பெற்ற முதல் ஆசியர் அவர்தாம்.

மற்றொரு செய்தியும் உண்டு. மசூர்க்கா என்பது போலந்து நாட்டுப்புற ஆட்டத்தின் சந்தம். அதை ஷோப்பான் பியானோவுக்கு ஏற்றிப் பல படைப்புகளைச் செய்தார். அந்த மண்ணில் பிறந்தவர்க்கே அச்சந்தத்தின் நெளிவு பிடிபடும் என்பார்கள். மசூர்க்காவைச் சிறப்பாக வாசித்தமைக்கான தனிப் பரிசும் அந்த வியட்நாமிய இளைஞருக்கே கிடைத்தது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் ஒரு சீனக் குழந்தையோ மலாய்க் குழந்தையோ திருக்குறள் போட்டியில் நம் பிள்ளைகளையும் விஞ்சி நிற்கும்போது நமக்கு உண்டாகும் வியப்பும் மகிழ்ச்சியும் அன்று போலந்து மக்களுக்கும் உண்டாகியிருக்கும்.

ஆனால் அந்த வெற்றியின்மீது ஒரு நிழல் விழுந்தது. அதே போட்டியில் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஈவோ பொகொரெலிச் என்னும் இளைஞர் எவரும் வாசிக்காத முறையில் வாசித்தார். நடுவர்கள் இரண்டுபட்டார்கள். அவர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. உடனே நடுவர்களுள் ஒருவர், அந்த இளைஞர் ஒரு மேதை என்று கூறி, குழுவிலிருந்து விலகி வெளியேறினார். அவர் வேறு யாருமல்லர்; மார்த்தா ஆர்கெரிச். எவருடைய இசைத்தட்டைக் கேட்டுச் சோன் வளர்ந்தாரோ அவரே.

அந்த நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். போரைக் கடந்து, வறுமையைக் கடந்து, ஓர் இளைஞர் உலகின் உச்சியில் ஏறி நிற்கிறார். மறுநாள் செய்தித்தாள்களில் பேச்செல்லாம் வென்றவரைப் பற்றியதன்று, வெளியேற்றப்பட்டவரைப் பற்றியது. குற்றம் அவருடையதன்று. பொகொரெலிச்சுடையதும் அன்று. நடுவர்கள் தாளில் எழுதிய எண்கள் தோற்றவருக்கு மட்டும் வலியைத் தரவில்லை. வென்றவருடைய மகிழ்ச்சியையும் குறைத்துவிட்டன. நடுவர் நாற்காலியில் இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

சோன் வழக்குரைக்கவில்லை; வாசித்துக்கொண்டிருந்தார். பின்பு கற்பிக்கத் தொடங்கினார். 1987 முதல் தோக்கியோவின் குனிதாச்சி இசைக் கல்லூரியில் பணி. பின்பு கனடாவின் மான்ட்ரியல் நகரில் குடியேறி அங்கும், அமெரிக்காவின் ஓபர்லின், நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரிகளிலும் பேராசிரியப் பணி. தம்மை எடைபோட்ட அதே வார்சா மண்டபத்தில் 2005, 2010, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் நடுவராக அமர்ந்தார்.

இப்போது மகள் காட்டிய அந்த 2015-ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு மீண்டும் வருவோம். இறுதிச் சுற்றுக்குப் பத்து மதிப்பெண். அவ்வாண்டு முதற்பரிசு பெற்றவர் கொரியா நாட்டு சோ சியோங் ஜின். அவருக்கு நடுவர்களுள் பெரும்பாலோர் ஒன்பது கொடுத்திருந்தார்கள். பிரான்சு நாட்டுப் புகழ்பெற்ற கலைஞர் பிலிப் ஆந்திரெமோன் ஒன்றே ஒன்று கொடுத்திருந்தார். ஆம், பத்துக்கு ஒன்று! அந்த எண்ணைக் கண்டு உலகம் வியந்தது, சினந்தது. முழுமையாகப் பத்துக்குப் பத்தும் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் மார்த்தா ஆர்கெரிச். மற்றவர் டாங் தாய் சோன்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய எதிர்ப்பு மற்றவருடைய வெற்றிக்கு நிழலாயிற்று. அவ்விருவரும் இப்போது ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே இளைஞருக்கு ஒரே மதிப்பெண்ணைத் தந்திருந்தார்கள். இதைவிடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. அந்த இறுதிச் சுற்றில் சோனின் மாணவர்களும் இருந்தார்கள். எரிக் லூ நான்காம் பரிசும், பதினாறு வயது டோனி யாங் ஐந்தாம் பரிசும் பெற்றார்கள். தம் மாணவர்களுக்கு எதிரே அவர் எண் எழுதவில்லை, எழுதவும் கூடாது. ஆனால் தம் மாணவர்களுக்குப் போட்டியாக நின்றவருக்கு எண் எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமையில்தான் ஒருவருடைய உள்ளம் சோதிக்கப்படுகிறது. எட்டு என்று எழுதியிருந்தாலும் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவர் பத்து என்று எழுதினார்.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே துலாக்கோலை உவமையாக்கினார். நாம் அதைக் கற்பிக்கிறோம். ஆனால் நம்மைப் போன்றோர்க்கு இன்னும் நெருங்கிய இலக்கணம் ஒன்று நன்னூலில் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரியில் நாம் எல்லாரும் உருப்போட்ட பகுதி. நல்லாசிரியனுக்குப் பவணந்தி முனிவர் காட்டும் உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். உருப்போட்டபோது அவற்றைத் தேர்வுக்குரிய நான்கு குறிப்புகளாகவே கொண்டேன். வார்சாப் பட்டியலைக் கண்ட பின்னரே அவற்றின் வரிசையும் அளவும் என் கண்ணில் பட்டன. நான்கில் நிறைகோல் ஒன்றுதான். மற்ற மூன்றும் எடைபோடுவதில்லை.

நிலம் உழைப்புக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பயன் தருகிறது. மிதித்தாலும் தோண்டினாலும் பொறுக்கிறது. மலை மழை பொய்த்த காலத்திலும் தன்னிடமுள்ள வளத்தைத் தருகிறது. குண்டு விழுந்த காலத்தில் எருமை வண்டியில் பியானோவை ஏற்றிச் சென்ற அன்னையை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு ‘மலை’ என்று பெயரிட்டது பொருத்தமே. மலரோ அனைவரும் விரும்பி ஏற்கும்படி மென்மையாய் மலர்ந்த முகம் காட்டுகிறது. ஆண்டு முழுதும் நிலமாகவும் மலையாகவும் மலராகவும் இருக்க வேண்டிய ஆசிரியன், ஆண்டில் ஒருநாள் நிறைகோலாக அமர்த்தப்படுகிறான். அந்த ஒருநாளில் மற்ற மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வருபவன் எடையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோவான். 1998-இல் நான் நிறைகோலாகவும் இருக்கவில்லை. என் கோலின் ஒரு தட்டில் என் விரலே இருந்தது.

இவ்வளவும் அறிந்தபின்னும் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது மற்றொரு நிகழ்ச்சி.

2022 மார்ச்சில் புதிய கல்வியாண்டு தொடங்கியது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பெற்றோர்கள் வரிசையாக வந்தார்கள். ஒரு தாய் தம் மகளின் கையைப் பிடித்தபடி என் மேசைக்கு எதிரே அமர்ந்தார். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். பத்திரங்களைச் சரிபார்த்து முடித்ததும் சிறிது தயங்கி, “ஐயா, உங்களுக்கு என்னை நினைவிருக்காது. சின்ன வயசுல ஒரு தடவை உங்க முன்னால பேசியிருக்கேன். பேச்சுப் போட்டியில” என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். “பால்மரத்து விளக்கைப் பற்றிப் பேசிய பிள்ளையா அம்மா?” என்றேன்.

அவர் கண்கள் விரிந்தன. “இன்னுமா ஐயா நினைவு வெச்சிருக்கீங்க?”

மறந்திருந்தால்தானே நினைப்பதற்கு! அன்று அந்த அம்மையாரிடம் சொல்லாததை இன்று இவரிடம் சொன்னேன். முதலிடம் பெற்ற மாணவன் பேசிய உரை நான் எழுதியது. அதை மறைத்து நான் மதிப்பெண் போட்டது தவறு. உங்களுக்குச் சேர வேண்டிய பரிசு அது. மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு தலைமையாசிரியன் தன் அறையில் அமர்ந்து பெற்றோர் ஒருவரிடம் இப்படிச் சொல்வது எளிதன்று; ஆனால் சொல்லி முடித்ததும் மூச்சு சீராக வந்தது.

அவர் சினக்கவில்லை. தம் மகளின் பள்ளிப்பையை மடியில் சரிசெய்துகொண்டே, “பரிசு போனதுல எனக்கு வருத்தம் இல்லைங்க ஐயா. ஏன் தோத்தேன்னு யாருமே சொல்லலை. நான் பேசினதுல என்ன குறைன்னு தெரியாமலே வீட்டுக்குப் போனேன். அம்மாவைப் பத்திப் பேசினதே தப்பு போலன்னு நினைச்சிட்டேன். அதுக்கப்புறம் நான் மேடையே ஏறலை” என்றார்.

நான் இருபத்துமூன்று ஆண்டுகளாக இரண்டு மதிப்பெண்களை எண்ணி வருந்திக்கொண்டிருந்தேன். அவர் இழந்தது இரண்டு மதிப்பெண்களை அன்று. ஓர் ஆசிரியன் எதிரே அமர்ந்திருந்தும், அவருக்கு அன்று ஆசிரியன் கிடைக்கவில்லை. கோல் மட்டுமே கிடைத்தது. அதுவும் கோணல் கோல்.

வார்சாவின் நடுவர்கள் போட்டி முடிந்தபின் எண்களை வெளியிடுகிறார்கள். அது நேர்மை; நாமும் கைக்கொள்ள வேண்டியது. ஆனால் எண் காரணம் சொல்வதில்லை. பத்துக்கு ஒன்று என்னும் எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்திருக்கலாம். எண்ணில் அது தெரியவில்லை. வளர்ந்த கலைஞர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். பொகொரெலிச் உலகப் புகழ் பெற்றார். சோ சியோங் ஜின்னும் பெற்றார். பதினொரு வயதுத் தோட்டப் பிள்ளைக்கு அந்தத் தாங்கும் வலிமையை யார் கொடுப்பது?

அவ்வாண்டு முதல் எங்கள் பள்ளியில் நடக்கும் போட்டிகளுக்கு மூன்று வழக்கங்களை ஏற்படுத்தினோம். முதலாவது, தான் பயிற்றுவித்த பிள்ளைக்கும், தான் எழுதிய உரைக்கும் நடுவர் மதிப்பெண் இடக்கூடாது. அக்கட்டத்தில் ‘மா’ என்று எழுதிவிட வேண்டும். வார்சாவின் ‘எஸ்’ பாசிர் கூடாங்கில் ‘மா’வாயிற்று. இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவர்கள் இரண்டு வரி எழுதித் தர வேண்டும்: நன்றாயிருந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று. மூன்றாவது, பரிசளிப்பு முடிந்தவுடன் நடுவர்கள் சிற்றுண்டிக்குப் போகக்கூடாது. பரிசு பெறாத பிள்ளைகளோடு கால்மணி நேரம் அமர்ந்து பேச வேண்டும். மூன்றாவது வழக்கத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. தேநீர் ஆறிவிடுகிறது என்றார்கள். ஆறட்டும் என்றேன். இப்போது அந்தக் கால்மணி நேரத்தை விரும்பி நீட்டுகிறவர்களும் அவர்களே.

பேராசிரியர் சோனின் கதை இன்னும் முடியவில்லை. 2015-இல் நான்காம் பரிசோடு திரும்பிய அவருடைய மாணவர் எரிக் லூ, பத்தாண்டுகள் கழித்து, 2025-இல் மீண்டும் அதே வார்சா மேடைக்குப் போய் முதற்பரிசு வென்றார். தோற்ற இடத்துக்குத் திரும்பிப் போகும் துணிவை மதிப்பெண் தாள் கொடுப்பதில்லை, ஆசிரியன் கொடுக்கிறான். அந்த அன்னை தாய் தி லியன் 1918-இல் பிறந்து, 2023-இல், நூறாண்டும் கடந்து மறைந்தார். தம் மகனின் மாணவர் ஒருவர் அந்த மேடையில் முதல்வரானதை 2021-இல் அவர் வாழ்நாளிலேயே காண முடிந்தது.

எங்கள் பள்ளியிலும் ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன். சென்ற முறை நடந்த கதை சொல்லும் போட்டியில் அந்தத் தாயின் மகள் மேடையேறினாள். பாட்டியின் கதையைச் சொன்னாள். நெற்றி விளக்கும் வந்தது. இடையில் ஒரு சொல்லுக்காகத் தடுமாறி நின்றாள். பரிசு கிடைக்கவில்லை. போட்டி முடிந்ததும் நடுவராயிருந்த இளம் ஆசிரியை அவளருகே தரையில் அமர்ந்து, அந்தச் சொல்லை அவளோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்ததை அலுவலகச் சன்னல் வழியாகக் கண்டேன். தாய் சீருடையோடு வாசலில் காத்திருந்தார். சிறிது நேரத்தில் சிறுமி ஓடிவந்து, “அம்மா, அடுத்த வருஷம் எனக்கு வேற கதை வேணும்” என்றாள்.

தாய் என் சன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையசைத்தேன்.